குளக்கரைப் படத்தில் நான் நட்ட மரங்கள்

என் மகனே,

நான் சுகமாக இருக்கிறேன் என்று தொடங்குவதுதான் கடிதத்துக்கு அழகு. இந்தக் கடிதத்தில் பொய் எழுதுவதில்லை என்று உட்கார்ந்திருப்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் கொடுத்துவிட்டு, மகன் வருகிறாரா என்று கேட்டார். வருவான் என்று சொல்லிவிட்டு மாடிக்குக் கொண்டுபோய் அப்பாவின் கதிரையில் உட்கார்ந்து நாலு தரம் படித்தேன். கண்டி நகரத்தைப் பற்றி நீ ஒரு படப்புத்தகம் போடப்போகிறாய். மின்சார விளக்கு, பஸ் வண்டி, புதிதாக எழும்பிய கடைகள் எல்லாம் நீயே எடுத்த படங்கள். முதல் பக்கத்தில் மட்டும் அப்பா எடுத்த குளக்கரைப் படம், அதன் கீழே ‘என் தந்தை கண்ட கண்டி’ என்று ஒரு வரி. அந்தப் படத்தின் நெகடிவ் கண்ணாடியைப் பஞ்சு சுற்றி, பலகைப் பெட்டியில் வைத்து அனுப்பச் சொல்கிறாய். கடைசியில், கடையைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்கே வந்துவிடுங்கள் அம்மா என்கிறாய். அந்த ஒரு வரிக்கு வந்து சேர இரண்டு பக்கம் சுற்றியிருக்கிறாய், பாவம்.

நடுவில் ஒரு வாக்கியம் எழுதியிருந்தாய். கேமரா பொய் சொல்லாது, பென்சில்தான் பொய் சொல்லும், அந்தப் பென்சில்காரர்களின் காலம் முடிந்தது என்று. எழுதும்போது அந்தப் பென்சில் யார் கையில் இருந்தது என்பது உனக்கு ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது. நீ தவழும்போதே பார்த்த பென்சில் அது. ஜன்னலோரம் சாய்வுப் பலகை, அதன் நடுவில் வெட்டிய ஓட்டையில் நெகடிவ் கண்ணாடி, கீழே வெளிச்சத்தை மேலே தூக்கிக் கொடுக்க ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி. காலை எட்டு மணியிலிருந்து வெயில் மறுபக்கம் சாயும்வரை அங்கேதான் இருப்பேன். உன் ஆறாம் வயதுப் படம், வெல்வெட்டுச் சட்டையோடு கைகட்டி நிற்பது, அதைக் கொழும்பில் கூடச் சுவரில் மாட்டியிருக்கிறாய். சின்ன வயதிலேயே நான் எவ்வளவு அமைதி பார் என்று உன் மனைவியிடம் நீ சொன்னது என் காதில் விழுந்தது. அன்றைக்கு நீ தெருவே கூடுகிற மாதிரி அழுதாய், தம்பி. திறந்த வாயை மூடவும் கன்னத்துக் கண்ணீரைச் சுரண்டவும் எனக்கு ஒரு பகல் முழுவதும் ஆனது. நானும் சிரித்துவைத்தேன், அவளும் நம்பிவிட்டாள்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இந்த ஊரில் பாதிப் பேரின் முகம் எனக்குத் தெரியும். யாருக்கு அம்மைத் தழும்பு, யாருக்குக் கண்ணுக்குக் கீழே கருமை, எந்தக் கல்யாணப் பெண்ணுக்கு உதட்டோரம் வெட்டுக்காயம் எல்லாம் தெரியும். ஒவ்வொன்றையும் பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு நிரப்பியவள் நான். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போது பக்கத்தில் ஒருவர் வந்து நிற்பார், அவர் தாடையில் இருக்கும் மருவை நான் உடனே கண்டுகொள்வேன். ஏனென்றால் அதை அழித்ததே நான்தான். அவருக்கோ நான் யாரோ ஒரு கிழவி, சற்று நகர்ந்து நில்லுங்கள் என்பார். அப்பா இருந்தபோது ஒரு காலம்வரை இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. வீட்டுக்கு வந்து சொல்வேன், அவர் சிரிப்பார். இப்போது சொல்ல ஆளில்லாததால் சந்தைக்குப் போவதையே குறைத்துவிட்டேன். ஒருத்திக்கு எவ்வளவு கத்தரிக்காய் வேண்டும்.

ஊர்ப் படங்களுக்கு வருகிறேன். அப்பா இந்தக் கடையைத் திறந்தபோது கண்டியில் இரண்டு விதமான ஆட்கள் படம் கேட்டு வந்தார்கள். கப்பலில் வந்த வெள்ளைக்காரருக்குப் பழைய கண்டி வேண்டும். ராஜா நேற்றுத்தான் எழுந்து போனார் என்கிற மாதிரி குளமும் மாளிகையும் மலையும் மட்டும் தெரிய வேண்டும், தந்திக் கம்பி ஒன்று குறுக்கே வந்தாலும் முகம் சுளிப்பார்கள். நம்முடைய ஆட்களுக்கு நேர்மாறாக இருக்க வேண்டும். அலவத்துகொடையிலிருந்து மிளகு கொண்டுவருவாரே ஒரு முஸ்லிம் நானா, அவர் புதிதாக நட்ட மின்சாரக் கம்பத்தின் கீழே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார். பகல் பன்னிரண்டு மணி, விளக்கு எரியவில்லை. எரிகிற மாதிரி இருந்தால்தான் ஊரில் நம்புவார்கள் என்றார். நானும் கம்பத்தின் உச்சியில் ஒளிவட்டம் போட்டுக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் வெள்ளைக்காரருக்காக ஏழு கம்பங்களைப் பிடுங்கினேன், நானாவுக்காக ஒரு விளக்கை ஏற்றினேன். இரண்டு பேரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்கள். அப்பாவும் நானும் சிரித்த சிரிப்பு இன்னும் இந்த மாடியில் எங்கோ இருக்க வேண்டும்.

அப்பாவை நீ பொய்யே அறியாத கேமராக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது முழுக்கச் சரியில்லை, முழுக்கத் தப்பும் இல்லை. அவரும் ரிக்‌ஷாக்காரரைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்வார், மாட்டு வண்டி கடந்துபோகும்வரை கறுப்புத் துணிக்குள் காத்திருப்பார். பெட்டியை எங்கே வைப்பது, எப்போது மூடியைத் திறப்பது என்று அவர் முடிவு செய்யும்போதே பாதி ஊர் வெளியே போய்விடும். நீயும் அதைத்தான் செய்கிறாய். புதிய கண்டி என்று நீ அனுப்பிய படங்களில் பஸ் நிற்கிறது, அதற்கு மூட்டை ஏற்றுகிறவன் இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். ஆனால் அப்பாவுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. கண்ணாடியில் ஒரு மனிதர் விழுந்துவிட்டால் அவரை எடுக்கக் கூடாது. கம்பி, கம்பம், சுவரொட்டி, குப்பை எதையும் எடு, நின்ற ஆளை எடுக்காதே என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

குளக்கரைப் படம் எடுத்த நாள் உனக்கு நினைவிருக்காது, பள்ளிக்கூடத்தில் இருந்தாய். இந்தக் கரையிலிருந்து எதிர்ப்பக்கத்து மேட்டைப் பார்த்துப் பெட்டியை வைத்தார். அந்த மேட்டில் நகரத்தைப் பெருக்குகிறவர்களும் குப்பை வண்டி ஓட்டுகிறவர்களும் குடியிருந்தார்கள். மண்ணெண்ணெய்த் தகரத்தை அடித்து விரித்துப் போட்ட கூரைகள். காலை வெயிலில் குளத்துத் தண்ணீரைவிட அதிகமாக அவைதான் மின்னின. அப்பா இரண்டு கண்ணாடி எடுத்தார். முதலாவது நன்றாக விழுந்தது. இரண்டாவதில் ஒரு மாட்டு வண்டி குறுக்கே போய்க் கீழ்ப்பக்கம் கலங்கிவிட்டது, மேடு மட்டும் தெளிவாக இருந்தது. முதலாவதை என் பலகையில் வைத்துவிட்டு, வானத்தில் இரண்டு கம்பி மட்டும் ஓடுகிறது, அதை எடுத்துவிடு, மற்றதெல்லாம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துத் துரை ஒருவர் வீட்டுக்குக் குடும்பப் படம் எடுக்கப் போய்விட்டார்.

அதற்கு முந்தின மாதம் பயணிகளுக்குச் சாமான் விற்கிற கடைக்காரர் நம்முடைய பட அட்டைகளில் ஒரு கட்டைத் திருப்பி அனுப்பியிருந்தார். தகரக் கொட்டகையைப் பார்க்க யாரும் கடல் தாண்டி வரவில்லை என்று சொல்லி அனுப்பினாராம். அது எனக்குச் சுருக்கென்று இருந்தது. நாம் வயிற்றுக்கு இல்லாமல் தவித்தோம் என்று சாக்குச் சொல்ல மாட்டேன், தவிக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தேன். குளம், சுவர், மலை, மேகம் எல்லாம் அத்தனை அழகாக விழுந்திருந்தது, நடுவில் அந்தக் கூரைகள் மட்டும் கறுகறுவென்று. நெகடிவில் எல்லாம் தலைகீழ், தெரியுமே உனக்கு, மின்னுகிறதெல்லாம் கறுப்பாக விழும். கத்தியின் நுனியால் ஒரு கூரையை மெதுவாகச் சுரண்டிப் பார்த்தேன். அது படத்தில் இருண்டு மரநிழல் மாதிரி ஆகிவிடும் என்று எனக்குத் தெரியும். அதன்மேல் பென்சிலால் பொடிப்பொடியாகக் குத்தினால் வெயில் பட்ட இலை. ஒன்று செய்தவளுக்கு மற்றதையும் செய்யாமல் இருக்க முடியவில்லை. என் கை அன்றைக்கு ஓடின மாதிரி அதற்கு முன்னும் பின்னும் ஓடியதில்லை.

மூன்றாவதோ நாலாவதோ வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றாள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஒரு கடுகளவு. இடுப்பில் குழந்தை மாதிரி ஏதோ, ஒரு கை நெற்றிக்கு மேலே. அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. வீடு போன பிறகு ஆள் மட்டும் மரத்தடியில் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளையும் சுரண்டினேன். அச்சுப் போட்டுப் பார்த்தபோது அந்த மேடு அடர்ந்த காடாக இருந்தது, நான்தான் அதை நட்டேன் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்பா திரும்பி வருவதற்குள் அட்டைகள் கடைக்காரரிடம் போய்விட்டன. வந்தவர் அச்சை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு, போனது போகட்டும், இரண்டாவது கண்ணாடியையாவது தொடாமல் வை என்றார். அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அந்த அட்டை எல்லாவற்றையும்விட அதிகமாக ஓடியது. நிலம் பார்க்கிற சர்க்கார் கந்தோர் ஒன்றில் பெரிதாகப் போட்டுச் சுவரில் மாட்டினார்கள், அப்பாவை நாலு பேர் தெருவில் நிறுத்திப் பாராட்டினார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு வருவார். எனக்கு உள்ளுக்குள் பெருமை. பொய் சொல்வதில்லை என்றேனே, அதனால் இதையும் எழுதுகிறேன்.

இரண்டு வருஷம் கழித்து அந்த மேட்டை எடுத்துக்கொள்ளப் போகிறோம் என்று குடியிருந்தவர்களுக்கு அறிவித்தல் வந்தது. பழைய குடிகளுக்கு வேறிடத்தில் மண் தருவார்களாம், புதிதாக வந்து ஒட்டிக்கொண்டவர்களுக்கு ஒன்றும் இல்லையாம். யார் பழையவர், யார் புதியவர் என்பதற்கு அவர்கள் கையில் என்ன தாள் இருக்கும்? கந்தோரில் இருந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள். படத்தில் மேடு முழுவதும் மரம். அப்படியானால் இந்த வீடுகள் எல்லாமே படத்துக்குப் பிறகு வந்தவை என்று எழுதிவிட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், நான் ஒரு தெருவையே மறைத்திருந்தேன்.

மாரியாயி அப்போதுதான் கடைக்கு வந்தாள். நம் தெருவைப் பெருக்குவாளே, நீ பள்ளிக்கூடம் போகும்போது விளக்குமாற்றை ஓரமாகப் பிடித்துக்கொண்டு உனக்கு வழிவிடுவாளே, அவள்தான். அப்பா வீட்டில் இல்லை. அவள் படிக்கு மேலே ஏறாமல் நின்றே பேசினாள்.

“அம்மா, கந்தோர்ல ஒரு படத்தக் காட்டுறாங்க. அதுல எங்க வீடு ஒண்ணுமே இல்லீங்க. ஐயா பொட்டி வச்ச அன்னைக்கு நான் வாசல்லதானே நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். இங்க வச்சிருக்கிற படத்துல நாங்க இருப்போம்ல?”

கடுகளவாக நின்ற பெண் யார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளுக்கு வேண்டியிருந்தது உள்ளே அலுமாரியில், பூட்டிய பெட்டியில், பத்தடி தூரத்தில் இருந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால் அத்தனை குடும்பமும் பிழைத்திருக்கும். ஆனால் அதைக் காட்டினால் சுவரில் இருக்கும் படம் பொய் என்று ஆகும், பொய்ப்படம் விற்கிறவர் என்று அப்பாவின் பெயர் ஊரெல்லாம் நாறும், எல்லாரும் என் பென்சிலைத் தேடி வருவார்கள். இவ்வளவும் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் என் மண்டைக்குள் ஓடியது. “அவ்வளவு தூரத்துல இருக்கிறது படத்துல விழாது, மாரியாயி” என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, சரிங்கம்மா என்று போய்விட்டாள்.

அவள் போனபிறகு நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்பா வந்தால் அவளிடம் அந்தக் கண்ணாடியைக் கொடுத்துவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால் அதை எடுத்துச் சுடுதண்ணீரில் சோடா போட்டு ஊறவைத்தேன். மேலே இருக்கும் பசை தோல் மாதிரி உரிந்து வந்தது. பழைய கண்ணாடிகளைக் கழுவிப் படச்சட்டங்களுக்குப் போடுவது நம் கடை வழக்கம்தானே, பத்தோடு பதினொன்றாக அதையும் கழுவித் துடைத்து அடுக்கில் வைத்துவிட்டேன். சாயங்காலம் அப்பா வந்தார். தெருவிலேயே யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். நேரே போய்ப் பெட்டியைத் திறந்தார். கழுவிவிட்டேன் என்றேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. “அந்த மேட்டுக்கு நீ ஒருநாளாவது ஏறிப் போயிருக்கியா?” என்று மட்டும் கேட்டார். நான் போனதில்லை. அவர் அடிக்கடி போவாராம், எனக்கு அதுவும் அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாள் கந்தோருக்குப் போய், அந்தப் படம் திருத்திய படம், மேட்டில் வீடுகள் இருந்தன, நான் கண்டேன் என்று அப்பா சொன்னார். வாய்ப்பேச்சு வேண்டாம், படம் இருந்தால் கொண்டு வா என்றார்களாம். கேமரா பொய் சொல்லாது என்று அவருக்கே பாடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதே வாக்கியம் இருந்த உன் கடிதத்தை நான் ஏன் நாலு தரம் படித்தேன் என்று இப்போது உனக்கு விளங்கும். அடுத்த மழைக்குள் மேட்டைக் காலி செய்துவிட்டார்கள். அப்பா அதற்குப் பிறகு இந்த ஊரை எடுக்கவேயில்லை. நீ அதை நோய் என்று நினைத்தாய், பிறகு வயது என்று நினைத்தாய். ஆட்களை மட்டும் எடுத்தார். என்னோடு சண்டை போடவில்லை, சாப்பாடு நன்றாயிருக்கிறது என்று சொல்வார், தலைவலி என்றால் தைலம் எடுத்துத் தருவார். ஆனால் மிளகு நானாவின் விளக்கைப் பற்றி ஒருதரம் பேச்செடுத்தேன், அவர் சிரிக்கவில்லை. சாகும்வரை ஒன்பது வருஷம் அப்படித்தான். வீட்டில் இரண்டு பேர் இருந்தும் ஒருத்தியாக இருப்பது எப்படி என்று எனக்கு அப்போதே பழகிவிட்டது. அதனால் இப்போது தனியாக இருக்கிறேனே என்று நீ ரொம்பவும் வருத்தப்பட வேண்டாம்.

உன் கடிதம் வந்த மறுநாள், நான் திருத்திய அந்த முதல் கண்ணாடியை எடுத்துப் பலகையில் வைத்தேன். சுரண்டியவளே திரும்பவும் வரைந்து கொடுத்துவிட்டால் என்ன என்று ஒரு ஆசை. கண் முன்னைப் போல் இல்லை, ஆனாலும் கை இன்னும் கேட்கிறது. பென்சிலைக் கூராக்கிக்கொண்டு உட்கார்ந்தால், எதை வரைவது? மொத்தம் ஒன்பது வீடா, பதினொன்றா? கதவு எந்தப் பக்கம்? நான் போட்ட ஒவ்வொரு மரமும் கிளையோடு எனக்கு நினைவிருக்கிறது. இருந்த வீட்டில் ஒன்றுகூட நினைவில்லை. தெரியாததை வரைந்தால் அது இன்னொரு பொய்யாகத்தான் இருக்கும் என்று பென்சிலை வைத்துவிட்டேன். சரி, இடத்தையாவது பார்ப்போம் என்று குளக்கரைக்கு நடந்து போனேன். மேட்டைக் காலி செய்த கையோடு அங்கே கன்றுகள் வைத்தார்கள், உனக்கும் தெரியும். இப்போது அவை நெடுநெடுவென்று வளர்ந்து கிளை பின்னி நிற்கின்றன. ஊரைப் பார்த்துப் படம் எடுத்த காலம் போய், படத்தைப் பார்த்து ஊரை வளர்த்திருக்கிறார்கள். அந்தக் கரையில் இன்றைக்கு நீ உன் கேமராவை வைத்தால், ஒரு பென்சிலும் படாமல், நான் வரைந்த அதே படம் உனக்குக் கிடைக்கும். கண்ணால் காண்பதும் பொய் என்று சொல்லி வைத்தவர் என்ன பட்டாரோ.

கண்ணாடியை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். போடாதே என்று சொல்ல மாட்டேன், நீ வளர்ந்த பிள்ளை. போட்டால் அப்பா கண்ட கண்டி என்று எழுதாதே, அவர் கண்டதை நான் கழுவிவிட்டேன். இது அம்மா செய்த கண்டி. மேட்டில் வீடுகள் இருந்தன, எத்தனை என்று தெரியாது, அவற்றை அழித்தவள் இன்னாள் என்று என் பெயரை முழுதாகப் போடு. உனக்கு வெட்கமாக இருக்கும். உன் மனைவி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று யோசிப்பாய். நானும் அன்றைக்கு அதே யோசனையில்தான் இருந்தேன், தம்பி. உனக்கு ஏதாவது புத்தி சொல்ல வேண்டுமென்றால் இவ்வளவுதான்: ஒரு இடத்தைப் படம் எடுக்கும் முன் அங்கே ஏறிப்போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வா. அப்பா அதைச் செய்திருக்கிறார், நான் செய்யவில்லை.

நேற்றுச் சனிக்கிழமை நான் திகனைக்குப் பஸ் ஏறினேன். இப்போது நம் தெருவைப் பெருக்குகிற பெண் மாரியாயிக்குச் சொந்தம். மாரியாயி திகனைக்கு அப்பால் ஒரு கொக்கோத் தோட்டத்து லய அறையில் மகளோடு இருக்கிறாள் என்று அந்தப் பெண் எப்போதோ சொன்னதைக் காதில் விழாத மாதிரி இத்தனை வருஷம் வைத்திருந்தேன். குண்டசாலை தாண்டியபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். மாரியாயி என்னைப் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டாள். நான் கண்ணாடியில் தொட்டவர்களில் என் முகத்தைத் தெரிந்துவைத்திருப்பவள் அவள் ஒருத்திதான். மகள் வேலைக்குப் போயிருந்தாள். பலகையைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னாள், இந்தத் தரம் நான் அவள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தேன். சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் சோற்றுப் பசை தடவி ஒரு அட்டை ஒட்டியிருந்தது. நம்முடைய குளக்கரை அட்டை. ஓரமெல்லாம் கறுத்து, மரங்கள் இருக்கும் இடம் மட்டும் விரல் பட்டுப் பட்டு வெளுத்திருந்தது.

என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் தயார்செய்து வைத்திருந்த வாக்கியம் எதுவும் வரவில்லை. அந்த மரத்தையெல்லாம் நான்தான் போட்டேன், மாரியாயி, உங்கள் வீட்டின்மேல்தான் போட்டேன், நீ கேட்டு வந்தபோது உண்மையான கண்ணாடி உள்ளே இருந்தது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவள் அடுப்பு விறகைத் தள்ளிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“மரம் போட்டதுன்னு அன்னைக்கே தெரியும்மா. அங்க ஏது மரம்? இருந்திருந்தா நான் ஏன் வெறகுக்கு ரயிலடி வரைக்கும் அலஞ்சிருப்பேன்? கண்ணாடி உள்ள இருந்ததுதான் தெரியாது.” அதைச் சொல்லிவிட்டு முந்தானையால் கையைத் துடைத்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு சுவரில் இருந்த அட்டையைக் காட்டினாள். “எம் மகளுக்கு அப்ப மூணு வயசு. வீட்டுக்குப் போவோம், வீட்டுக்குப் போவோம்னு அழுவா. எங்கேருந்து போறது? ஒரு அட்டைய வாங்கியாந்து ஒட்டி, நம்ம வீடு அங்கேயே இருக்கு கண்ணு, இந்த மரத்துக்குப் பின்னாடி மறஞ்சிருக்குன்னு சொல்லித்தான் அழுகைய நிறுத்துனேன். இந்த வயசுலயும் வேலை விட்டு வந்தா அதத் தொட்டுட்டுத்தான் உக்காருவா. நீங்க வந்தது வந்தீங்க. அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்கம்மா.”

மகள் வருகிற நேரம் ஆகிவிட்டது என்று நானே எழுந்துகொண்டேன். லயத்தை விட்டு இறங்கும்போது அவள் எதிரே வந்தாள். இடுப்பில் கூடை, நெற்றியில் வியர்வை, அம்மாவின் முகவெட்டு அப்படியே. தயங்கி நின்று, யாரைப் பார்க்க வந்தீங்க என்று கேட்டாள். கண்டியிலிருந்து, குளக்கரைப் பக்கத்திலிருந்து வருகிறேன் என்றேன். அவள் முகம் அப்படி மலர்ந்தது. “எங்க வீடும் அங்கதான்” என்றாள். எனக்கு வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லிவிட்டேன்.

உன் அம்மா